பழைய காருக்குப் புதுச் சாயம் போதுமா?

அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர். தாத்தா ஆசையாக வாங்கிய டட்சன் 120ஒய். 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான முதல் தலைமுறை புரோட்டோன் சாகா. மலேசியாவில் பல வீடுகளின் பின்புறத்தில் இப்படி ஒரு கார் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கிறது. விற்க மனம் வருவதில்லை. சாலையில் ஓட்டத் துணிவும் வருவதில்லை. இயந்திரம் கெட்டால் கவலை இல்லை. பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுப்பது துரு.

"அண்ணே, துருவை எடுத்து முழுக்க ஸ்ப்ரே அடிக்க எவ்வளவு ஆகும்?" பெரும்பாலானவர்கள் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒருவர் ஒரு விலை சொல்கிறார். அடுத்த பட்டறையில் அதைப்போல் மூன்று மடங்கு சொல்கிறார்கள். முதலாமவர் நல்லவர், இரண்டாமவர் கொள்ளைக்காரர் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. உண்மையில் அந்த இருவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. ஒருவர் துருவை மூடுவதற்கு விலை சொல்கிறார். மற்றவர் துருவை வெட்டி எடுப்பதற்கு விலை சொல்கிறார்.

இந்த வித்தியாசம் புரிந்தால், கையில் இருக்கும் சிறு தொகையிலும் தரமான வேலையைப் பெற முடியும். புரியாவிட்டால் எவ்வளவு பணம் கொட்டினாலும் இரண்டு மழைக்காலத்திற்குள் பழைய கொப்புளம் புதிய சாயத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பும் நீரும் காற்றில் உள்ள உயிர்வாயுவும் சேர்ந்தால் துரு. உப்பும் கூடினால் வேகம் அதிகம். அலுமினியத்தின் மேல் படியும் படலம் அந்த உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொரபொரப்பானது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் உள்ள நல்ல இரும்பையும் தின்கிறது. அதோடு, இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது சாயத்தை மேலே தள்ளிக் கொப்புளமாகத் தெரிகிறது.

பிரிட்டனைப் போலக் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இங்கே இல்லை. அதை நினைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது. ஆண்டு முழுவதும் மழையும் புழுக்கமும் இருக்கின்றன. போர்ட்டிக்சன், பினாங்கு போன்ற கரையோர ஊர்களில் கடல் காற்றும் சேர்கிறது. துத்தநாகம் பூசிய தகட்டை போர்ஷ 1970-களிலும் அவ்டி 1980-களிலும் காரின் உடல் முழுவதற்கும் பயன்படுத்தத் தொடங்கின. அதற்கு முந்திய சாதாரணக் கார்களில் தகட்டைக் காத்தது சாயம் மட்டுமே. பெட்டி போல் மூடிய பகுதிகளின் உட்புறத்தில் அந்தச் சாயமும் சரியாக எட்டவில்லை.

நம் ஊர்க் கார்களுக்கென்றே சில காரணங்களும் உண்டு. பழைய காரில் பிற்பாடு பொருத்திய ஏர்கோனின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால், சொட்டும் தண்ணீர் தரைவிரிப்பின் கீழ் தேங்குகிறது. வெயிலில் காய்ந்து வெடித்த முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் கசிகிறது. கதவின் அடியில் உள்ள வடிதுளையைக் காய்ந்த இலைகள் அடைக்கின்றன. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் ஏற்பட்ட வெள்ளத்தைப் போல ஒருமுறை கார் மூழ்கினால், வெளியே காய்ந்த பிறகும் பெட்டிகளுக்குள் சேறும் ஈரமும் தங்கிவிடும். காரைக் காப்பதற்காகப் போர்த்திய தார்ப்பாயும் நிலத்தின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவுக்குத் துணை போகிறது.

கொப்புளம் ஒன்று, பொத்தல் எத்தனை?

துருவில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் தகட்டின் மேல் செம்மண் நிறத்தில் படிந்திருக்கும், தேய்த்தால் போய்விடும். இரண்டாம் நிலையில் தகட்டில் குழி விழுந்திருக்கும். மூன்றாம் நிலையில் தகடே இற்றுப்போய்ப் பொத்தல் விழும். பல கொப்புளங்கள் உள்ளிருந்து வெளியே வருபவை. விரலளவு கொப்புளத்தைச் சுரண்டினால் கையளவு பொத்தல் வெளிப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே, பட்டறைக்குப் போகுமுன் உரிமையாளரே காரைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவை இல்லை. ஒரு கைவிளக்கு, துணியில் சுற்றிய காந்தம், ஒரு திருப்புளி ஆகியவை போதும். தரைவிரிப்பை முழுவதும் தூக்கிப் பார்க்க வேண்டும். சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் காந்தத்தை நகர்த்தினால், அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தடிமனான புட்டி இருக்கிறது என்று பொருள். அடிப்பகுதியைத் திருப்புளியின் பிடியால் தட்டும்போது நல்ல தகடு கணீர் என்று ஒலிக்கும். இற்றுப்போனது மந்தமாக ஒலிக்கும். ஆனால், ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. துருப்பிடித்த காரில் ஜேக் வைக்கும் இடமே உடைந்து உள்ளே போய்விடும். உறுதியான தாங்கிகள் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு காருக்கும் அதற்கே உரிய பலவீனமான இடங்கள் உண்டு. மோரிஸ் மைனரில் முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் தாங்கியின் முனைகளையும், பின் வில்பட்டை தொங்கும் இடங்களையும் முதலில் பார்க்க வேண்டும். முன் சக்கரங்களின் முறுக்குக் கம்பிகள் அந்தக் குறுக்குத் தாங்கியில்தான் பிடித்திருக்கின்றன. பழைய மினி காரில் பின்புறத் துணைச் சட்டத்தையும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டையும் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர்கள் இந்தப் பெட்டியை 'சில்' என்பார்கள். வோக்ஸ்வேகன் பீட்டலில் பின் இருக்கைக்கு அடியில் பேட்டரி இருக்கிறது. அதன் அமிலம் சிந்திய தரையும், இருபுறமும் ஓடும் வெப்பக்காற்றுக் குழாய்ப் பெட்டிகளும் முதலில் போகும். டட்சன் 120ஒய், பழைய கொரோலா, முதல் தலைமுறை சாகா ஆகியவற்றில் பொனட்டைத் திறந்து, முன் சக்கரத்தின் அதிர்வுத் தாங்கி மேலே பூட்டியிருக்கும் தகட்டைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கார்களின் பெயர் மாறினாலும் கவலை ஒன்றுதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு லோரியைப் போலத் தனி அடிச்சட்டம் இல்லை. தகட்டுடலே காரின் எலும்புக்கூடு. 'சில்' பெட்டி இற்றுப்போனால் கார் நடுவில் தொய்யும்; கதவு சரியாகச் சாத்தாது. இருக்கை வார் பிடித்திருக்கும் தகடு இற்றுப்போனால், விபத்து நேரத்தில் வார் பிய்ந்து கையோடு வரும். பிரிட்டனின் ஆண்டு வாகனப் பரிசோதனையில் இருக்கை வார், ஸ்டியரிங், சக்கரத் தாங்கிகள் ஆகியவை பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உள்ள தகட்டைக் கூடுதல் கண்டிப்புடன் பார்க்கிறார்கள். இங்குள்ள உரிமையாளர்களும் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த வட்டத்திற்குள் பொத்தல் இருந்தால், அழகைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைக்க வேண்டும். காரில் உட்காரும் பிள்ளைகளின் உயிர்தான் அங்கே கேள்வி.

மூடும் வேலையும் வெட்டும் வேலையும்

மூடும் வேலை எப்படி நடக்கிறது? கொப்புளத்தைத் தேய்ப்பார்கள். பொத்தலில் கம்பி வலையோ கண்ணாடி இழையோ வைப்பார்கள். அதன் மேல் புட்டி, அதன் மேல் சாயம். அடிப்பகுதியில் கெட்டியாகக் கறுப்புத் தார் பூசுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். புட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. கறுப்புத் தாரின் கீழ் துரு இருந்தால், ஈரம் வெளியேற வழியின்றி அரிப்பு தொடரும். இற்றுப்போன தகட்டை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுவதும் இதே வகைதான். இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு நிம்மதியாகக் குடியிருக்கும்.

வெட்டும் வேலையில் படிகள் அதிகம். கெட்ட தகட்டை, பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே தடிமனில் புதுத் துண்டை வளைத்து, பழைய வடிவத்திற்கு ஏற்பப் பொருத்த வேண்டும். வெளித்தகட்டில் சிறு சிறு புள்ளிகளாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். அதனால்தான் மிக் வெல்டிங் இந்த வேலைக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. கேஸ் வெல்டிங்கில் சூடு அதிகம். கைதேர்ந்த பழைய ஆசான்கள் அதிலும் அருமையாகச் செய்வார்கள், மற்றவர்கள் கையில் தகடு அப்பளமாகிவிடும். எடை தாங்கும் இடங்களில் புள்ளி வெல்டிங்கை அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவிடாமல், இடைவெளி இல்லாதபடி இணைத்து முடிக்க வேண்டும்.

'சில்' பெட்டியை வெட்டுமுன் கதவு வாயிலில் இரும்புக் குழாயால் முட்டுக் கொடுப்பது அவசியம். முட்டில்லாமல் வெட்டினால் கார் தொய்ந்து, வேலை முடிந்த பிறகு கதவு பொருந்தாது. இரு பக்கமும் கெட்டிருந்தாலும் ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். வெல்டிங்கிற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அருகில் பெட்ரோல் தொட்டி இருந்தால் அதையும் இறக்க வேண்டும்.

வெல்டிங் முடிந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இணைப்புகளைத் தேய்த்து, எபோக்சி பிரைமர் அடித்து, தகடும் தகடும் சேரும் விளிம்பில் நீர்புகாப் பசை தடவ வேண்டும். கடைசியாக, மூடிய பெட்டிகளுக்குள் நீண்ட குழாய் வழியாகத் துருத் தடுப்பு மெழுகைப் பீய்ச்ச வேண்டும். இந்த மெழுகு விலையில் சிறியது. இதை விட்டுவிட்டால், வெல்டிங் சூட்டில் உட்புறச் சாயம் கருகிய இடத்தில் துரு உடனே தொடங்கிவிடும்.

கடைகளில் விற்கும் துருமாற்றி மருந்து எதற்கு? அதில் உள்ள பாஸ்போரிக் அமிலமோ டேனிக் அமிலமோ மேற்பரப்புத் துருவை நிலையான ஒரு படலமாக மாற்றுகிறது. முதல் நிலைத் துருவுக்கு நல்லது. பொத்தலை அடைக்கும் சக்தி அதற்கு இல்லை.

செலவை எங்கே குறைக்கலாம்?

துரு வேலையில் இரும்பின் விலை குறைவு. மனித உழைப்பின் மணி நேரம்தான் பணத்தைத் தின்கிறது. கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஒரு காருக்கு 60 மணி நேர வேலை, மணிக்கு 50 ரிங்கிட் என்றால் 3,000 ரிங்கிட். அதில் 20 மணி நேரம் இருக்கை, தரைவிரிப்பு, பம்பர் ஆகியவற்றைக் கழற்றவும் பழைய தாரைச் சுரண்டவும் போனால், அந்த 1,000 ரிங்கிட்டை உரிமையாளர் தம் கையாலேயே மிச்சப்படுத்தலாம். கழற்றும் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், திரும்பப் பூட்டும் வேலையும் அவருக்கே மிச்சம். சுரண்டும்போது முகமூடி கட்டாயம். பழைய சாயங்களில் ஈயம் இருக்கலாம்.

அடுத்தது, வேலையைப் பிரிப்பது. வெல்டிங்கையும் சாயத்தையும் ஒரே விலையில் பேசக் கூடாது. இந்த ஆண்டு எடை தாங்கும் பகுதிகள். அடுத்த ஆண்டு வெளித்தகடுகள். கடைசியில்தான் சாயம். ஒரு காரைப் பிரைமர் நிறத்திலேயே ஓராண்டு வீட்டில் வைத்திருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால், சாதாரணப் பிரைமர் ஈரத்தை இழுக்கும் என்பதால், காத்திருக்கும் காருக்கு எபோக்சி பிரைமரே பொருத்தம். காரும் கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். பணம் போதாதபோது வெட்டும் வேலையைச் சுருக்கிச் சாயத்தை முழுமையாக அடிப்பதே பலரும் செய்வது. அதற்கு நேர் எதிராகச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது, தகடு. மோரிஸ் மைனருக்கும் மினிக்கும் பழுதுத் தகடுகள் பிரிட்டனில் இன்றும் தயாராகின்றன. 'சில்' போன்ற வளைவு நிறைந்த பகுதியை உள்ளூரில் கையால் செய்யப் பல மணி நேரம் ஆகும் என்றால், அனுப்பும் செலவோடு சேர்த்தும் தயார்த் தகடு மலிவாக அமையலாம். இரண்டையும் கணக்குப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஜப்பானியக் கார்களுக்குப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் முன்பக்கத் தகடு, கதவு, பூட் மூடி ஆகியவை துருவின்றிக் கிடைத்தால், பொத்தலை அடைப்பதைவிட மாற்றுவதே லாபம். சமமான தரைப் பகுதிக்கு உள்ளூர் இரும்புக் கடைத் தகடே போதும்.

நல்ல பட்டறையை எப்படி அறிவது?

பளிச்சென்ற விளம்பரப் பலகை துரு வேலைக்குச் சான்று ஆகாது. காப்புறுதி வேலைகளை வரிசையாக முடிக்கும் பெரிய பட்டறைக்குப் பழைய கார் ஒரு தொல்லை. மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும். சிறு ஊரில், இரண்டே பேர் வேலை செய்யும் கொட்டகையில், தகரம் தட்டியே தலை நரைத்த ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, அதே ரகக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்பது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய கார் பிரியர்கள் ஞாயிறு காலையில் ஒன்றுகூடுவது வழக்கம். அங்கே போய்ப் புதிதாகச் சாயம் அடித்த காரைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் துரு வேலை செய்த காரைத் தேடி, அதன் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். மூன்று மழைக்காலம் கொடுக்கும் நற்சான்றிதழைவிட நம்பகமானது வேறு இல்லை.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பாதி வேலையில் நிற்கும் காரைக் காட்ட முடியுமா? கெட்ட தகட்டை எதுவரை வெட்டுவீர்கள்? எந்த முறை வெல்டிங்? பெட்டிக்குள் மெழுகு அடிப்பீர்களா? பிரைமர் அடிப்பதற்கு முன் வந்து பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வெட்டி ஒட்டுபவர் "தாராளமாக வாங்க" என்பார். மூடுபவர் "முடிந்ததும் கூப்பிடுகிறேன்" என்பார்.

விலையை எழுத்தில் வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது. காரின் படத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எண் போட்டு, அந்தந்த இடத்துக்கு என்ன வேலை, என்ன விலை என்று எழுத வேண்டும். பிரிக்கப் பிரிக்கப் புதிய பொத்தல் தெரிவது இந்தத் தொழிலின் இயல்பு. அதற்காகப் பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே, பேசிய தொகைக்கு மேல் போவதாக இருந்தால் முதலில் அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். பணத்தை முழுவதும் முன்பே கொடுத்துவிடாமல், முடிந்த பகுதியைப் பார்த்துப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே முறை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அடிச்சட்ட எண் பொறித்த தகட்டை வெட்டவோ, தேய்க்கவோ, அதைச் சுற்றி வெல்டிங் செய்யவோ கூடாது. மலேசியாவில் உரிமை மாற்றத்தின்போது நடக்கும் வாகனப் பரிசோதனையில் அந்த எண்ணைச் சரிபார்க்கிறார்கள். அந்த இடமே துருப்பிடித்திருந்தால், கை வைக்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டு, எழுத்தில் பதில் பெற வேண்டும். சிங்கப்பூரில் 10 ஆண்டைக் கடந்த கார்கள் பொதுவாக ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால், அங்குள்ளவர்கள் எடை தாங்கும் பகுதிகளை ஒத்திப்போட வழியே இல்லை.

எப்போது போதும் என்று சொல்வது?

சில கார்களைக் காப்பாற்ற முடியாது. தரை, இரு 'சில்' பெட்டிகள், சக்கரத் தாங்கிகள் எல்லாம் ஒருசேர இற்றுப்போயிருந்தால், அதே ரகத்தில் துரு குறைந்த இன்னொரு காரை வாங்குவது மலிவாக முடியலாம். அப்பாவின் காரில் இருந்த ஸ்டியரிங், இருக்கை, மீட்டர் ஆகியவற்றை அதில் பூட்டிக்கொள்ளலாம். கடன் வாங்கியும் வீட்டு நகையை அடகு வைத்தும் துருவோடு போராடும்படி எந்த அப்பாவும் பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போதைக்குப் பணமே இல்லை என்பவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நனைந்த தரைவிரிப்பை இன்றே வெளியே எடுத்துக் காயப்போடலாம். கதவின் வடிதுளைகளைக் குச்சியால் சுத்தம் செய்யலாம். ஏர்கோன் வடிகுழாயைச் சரி பார்க்கலாம். கண்ணாடி ரப்பரை மாற்றலாம். தார்ப்பாயை எடுத்துவிட்டு, காற்றோட்டமுள்ள கூரைக்குக் கீழே காரை நிறுத்தலாம். பெட்டிகளின் உட்புறம் நன்கு காய்ந்த பின் மெழுகு அடிக்கலாம். இருக்கும் துரு இதனால் மறைந்துவிடாது. ஆனால் அதன் வேகம் தணியும். பணம் சேரும்வரை வெட்ட வேண்டிய தகட்டின் அளவு பெரிதாகாமல் இருந்தால், அதுவே பாதிச் செலவை மிச்சப்படுத்திய மாதிரி.